ஏரிக்கரையில் ஆறு இரவுகள்

முப்பத்தொரு வருடம் பிரதேச செயலகங்களில் வேலை செய்தவனுக்கு ஒரு வியாதி பிடிக்கும். எந்த மனித விவகாரத்தைக் கண்டாலும், அதற்கு எந்தப் படிவம், எத்தனை பிரதி, யாருடைய ஒப்பம் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கு அது முற்றிய நிலை. ஓய்வுபெற்ற பிறகும் யாழ்ப்பாணத்துத் தீவில், கரம்பொனில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். தகப்பனைப் பறிகொடுத்தவன் வந்து நின்றால், நான் அவனுடைய துக்கத்தைக் கேட்கமாட்டேன். அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்பேன்.

இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் வாழ்க்கையில் நிரப்பிய விண்ணப்பங்களில் ஆகச் சிறந்தது எது என்றால், எனக்கும் என் மனைவி யோசபினுக்கும் ஐரோப்பியச் சுற்றுலாவுக்காகத் தயாரித்த விசா விண்ணப்பம்தான். இருபத்திரண்டு பக்கம், நான்கு இணைப்பு. எங்கள் வீட்டில் வேறு எந்தக் காகிதமும் அந்தளவு சேதம் செய்ததில்லை. (இடம்பெயர்ந்தபோது கூரையோடு சேர்ந்து எரிந்த காணி உறுதிப் பத்திரத்தையும் கணக்கில் எடுத்துத்தான் சொல்கிறேன்.)

யோசபினுக்கு ஒரே ஒரு அக்கா, பிலோமினா. முப்பது வருடங்களுக்கு மேலாகச் சுவிஸில் இருந்தவர். போர் ஓய்ந்து பாதை திறந்த பிறகு ஒருமுறை வந்து மூன்று கிழமை நின்றார். அதற்குப் பிறகு முழங்கால் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய அக்காவும் தங்கையும் தொலைபேசியில் கதைப்பார்கள். இங்கே என்ன கறி, அங்கே என்ன கறி என்பதைத் தாண்டி அவர்கள் வேறெதையும் கதைத்து நான் கேட்டதில்லை. அதற்கு ஒரு மணித்தியாலம் போதாமல் இருந்தது.

ஒரு தை மாதம் அக்காவின் மகன் அன்ரன் எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுத்தான். அம்மாவுக்கு ஈரலில் வருத்தம், கோடையைத் தாண்டுவா என்று வைத்தியர்கள் சொல்லவில்லை என்றான். அக்கா தங்கையிடம் சொன்னது வேறு. வயிற்றுக்குள் ஒரு சின்னக் குத்து என்றுதான் சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் வருத்தத்தைப் பற்றி ஊருக்கு அறிவிக்கும் முறை அது. கூடவே இதையும் சொன்னார்:

"எடி, நீ ஒருக்கா வந்திட்டுப் போவன். மனுசனையும் கூட்டிக்கொண்டு வா. பத்து நாள் காணும்."

தங்கை உடனே விளங்கிக்கொண்டாள். அக்கா அதுவரை யாரிடமும் எதையும் கேட்டவரில்லை.

அன்ரன் தானே அழைப்புக் கடிதம் அனுப்புவதாகவும், ஆஸ்பத்திரிக் கடிதமும் வைப்பதாகவும் சொன்னான். நான் மறுத்துவிட்டேன். வருத்தக்காரரைப் பார்க்கப் போகிறோம் என்று எழுதினால், தீவுப்பகுதி ஆட்கள், அங்கே இரத்த உறவு, போனால் திரும்பமாட்டார்கள் என்று நினைத்துத் தட்டிவிடுவார்கள். சுற்றுலாப் பயணி என்றால் எவனுக்கும் சந்தேகம் வராது என்று அவனுக்கு விரிவுரை செய்தேன். இந்த அறிவு எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஊர்காவற்றுறை பஸ்ஸில் முன்சீற்றில் இருந்த ஒருவர் வேறொருவருக்குச் சொன்னதிலிருந்து என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்திருக்கும்.

ஆக, நாங்கள் இயற்கை அழகை இரசிக்க ஐரோப்பா போகும் தம்பதியானோம். இனி எந்த நாடு, எத்தனை நாள் என்று முடிவு செய்யவேண்டும். அதற்காக ஒரு தெரிவுக்குழு அமைத்தேன். அதன் தலைவரும் செயலாளரும் நானே. சாப்பாட்டு மேசை முழுவதும் வரைபடம். யோசபின் மூன்று கிழமை குசினியில் கதிரை போட்டுச் சாப்பிட்டாள்.

ஒரு கிழமை என்றால் அவ்வளவு தூரம் போகிறவர்களுக்குக் குறைவு, நம்பமாட்டார்கள். இரண்டு கிழமை என்றால் அது தங்கிவிடும் எண்ணத்துக்கு அத்திவாரம். பத்து நாள் பூச்சியத்தில் முடிகிற கணக்கு. பூச்சியத்தில் முடிவது எப்போதும் புளுகுபோலத் தெரியும். (செயலகத்தில் வெள்ள நிவாரணப் பட்டியல்கள் பார்த்த அனுபவம்.) ஆகவே பதினொரு இரவுகள். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்கவேண்டும் என்பது விதி. அக்காவின் வீட்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடத்தில் ஒரு ஏரியும் அதன் கரையில் ஒரு சின்ன நகரமும் இருந்தன. அந்த ஏரிக்கரைக்கு ஆறு இரவுகள் ஒதுக்கினேன். ஆனால் ஒரே ஏரியை ஆறு நாளும் பார்த்தால் சந்தேகம் வரும். எனவே பாரிஸ் கோபுரத்துக்கு மூன்று இரவும், ஜெர்மனியில் ஒரு ஆற்றங்கரைக் கோட்டைக்கு இரண்டு இரவும் சேர்த்தேன்.

நான் வாசித்துக் காட்டியபோது யோசபின் கைவிரலை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அக்காவோட ஆறு நாள்தானோ?"

"ஆறு இரவு. அதுவும் கடதாசியிலை ஏரியோடை."

"இஞ்சருங்கோ, எனக்குக் கோபுரம் வேண்டாம். அந்த மூண்டு நாளையும் அக்காவுக்குக் குடுங்கோவன்."

"அப்பிடிச் செய்ய ஏலாது யோசபின். சமநிலை போயிடும்."

"என்ன சமநிலை?"

"நிகழ்ச்சிநிரலின்ரை சமநிலை."

அவள் எழுந்து போய்விட்டாள். வாசலில் நின்று, ஏரியில் படகு ஓடுவதைப் பார்க்க ஐரோப்பா போகவேணுமோ, குறிகட்டுவானில் படகு ஏறினால் நெடுந்தீவு வரைக்கும் கடலே இருக்குது என்று மட்டும் சொன்னாள். நான் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது திகதி. மாசியில் வரலாம் என்றான் அன்ரன். மாசியில் அங்கே பனி; பனிக்குள் ஏரி பார்க்கப் போகும் அறுபத்தேழு வயதுக்காரனை எந்த அதிகாரி நம்புவான்? பூப்பூக்கும் காலம் வேண்டும். சித்திரைக் கடைசி என்று தீர்மானித்தேன்.

"சித்தப்பா, பனியெண்டாலும் பரவாயில்லை. கெதியா வாங்கோ."

"தம்பி, உமக்கு நடைமுறை தெரியாது" என்றேன்.

பிறகு யோசபினைத் தயார்செய்யும் வேலை. அவள் எங்கள் பங்கில் இருபத்தைந்து வருடம் ஞானோபதேசம் படிப்பித்தவள். கேள்விக்கு விடையை எழுத்துப் பிசகாமல் ஒப்புவிப்பதுதான் அவள் அறிந்த பரீட்சை. நான் அதே முறையில் நாற்பது கேள்விகளும் விடைகளும் எழுதினேன். பின்னேரச் செபம் முடிய, செபமாலையை மேசையில் வைத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போவோம். முதல் நாள் படகு எத்தனை மணிக்கு? ஒன்பது பத்துக்கு. மூன்றாம் நாள் மழை பெய்தால்? இணைப்பு நான்கின்படி நூதனசாலையில் பழைய பொருட்கள் பார்ப்போம். பதினேழாவது கேள்வி, அங்கே உங்களுக்கு யாரையாவது தெரியுமா? ஒருவரையும் தெரியாது.

அந்த இடத்தில் அவள் எப்போதும் நிற்பாள்.

"இது பொய்யெல்லோ?"

"பொய்யில்லை. வெளிப்படுத்தாமல் விடுறது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு" என்றேன். வித்தியாசம் என்னவென்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை.

கொழும்பில் விசாப் பிரிவின் காத்திருப்பு அறையில் எங்களுக்குப் பக்கத்தில் புங்குடுதீவு அம்மா ஒருவர் இருந்தார். மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் கடவுச்சீட்டும் ஒரு சில கடிதங்களும். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. என் கோவையைத் திறந்து, நிகழ்ச்சிநிரல் என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று காட்டினேன். வண்ண அட்டவணையை அவர் மரியாதையாகப் பார்த்தார்.

"எனக்கு உதெல்லாம் தெரியாது அண்ணை. தம்பிக்கு ஏலாமல் கிடக்கு, பாக்கவேணும் எண்டு எழுதியிருக்கு. வேறை என்னத்தை எழுதுறது?"

யோசபின் அந்தப் பொலித்தீன் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கோவையை மூடினேன். பாவம், இந்த மனுசிக்குக் கிடைக்காது என்று நினைத்தேன்.

எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் அதிகாரி, பக்கத்தில் தமிழில் மொழிபெயர்க்க ஒருவர். அதிகாரி என்னை விட்டுவிட்டு யோசபினிடம் கேட்கத் தொடங்கினார். எனக்குப் பெருமை. அவள் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாள். ஏரியின் நீளம் சொன்னாள். படகின் நேரம் சொன்னாள். மழைக்கு என்ன செய்வோம் என்று அவர் கேட்காமலே இணைப்பு நான்கைச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் மூச்சுவாங்கினார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். தன் விடுமுறையை இப்படி மனப்பாடம் செய்தவரை அவர் அதுவரை கண்டிருக்கமாட்டார். பிறகு, நாற்பதிலும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். உங்களுக்கு மலை பிடிக்குமா?

யோசபின் என் முகத்தைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"தெரியாது. நான் மலை பாத்ததில்லை" என்றாள்.

உண்மைதான். எங்கள் தீவில் ஏறி நிற்கக்கூடிய உயரம் தேவாலயத்து மணிக்கோபுரம் மட்டும்தான். அந்த ஒரு பதிலோடு விட்டிருந்தால்கூடத் தப்பியிருப்போம் என்று இப்போது நினைக்கிறேன். அந்த மனிதர் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு, மிகவும் தயவான குரலில், அங்கே உங்களுக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்டார்.

யோசபினின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்ணாடிக்குள் கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் மொழிபெயர்ப்பாளர். நான் மேசைக்குக் கீழே அவளுடைய காலைத் தட்டினேன். அதைத்தான் நான் செய்தேன்.

"ஒருத்தரையும் தெரியாது" என்றாள். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

பதினான்காம் நாள் கடவுச்சீட்டுகள் வந்தன. கூடவே ஒரு தாள். அதில் வரிசையாகப் பெட்டிகள். பயணத்தின் நோக்கம் நம்பத்தக்கதாக இல்லை என்ற பெட்டிக்குள் ஒரு புள்ளடி. என் இருபத்திரண்டு பக்கத்துக்கும் ஒரே ஒரு புள்ளடி. அதே கிழமை புங்குடுதீவு அம்மா யோசபினுக்குத் தொலைபேசி எடுத்தார். (இரண்டு பேரும் இலக்கம் மாற்றிக்கொண்டது எனக்குத் தெரியாது.) தம்பி வீட்டிலிருந்துதான் கதைக்கிறாராம். தம்பி கஞ்சி குடிக்கிறானாம்.

நான் தளரவில்லை, அதுதான் இந்தக் கதையில் இன்னும் வெட்கமான பகுதி. அன்ரனிடம் ஆஸ்பத்திரிக் கடிதம் எடுத்து, உண்மையையே எழுதி, இரண்டாம் முறை விண்ணப்பித்தேன். அதே அதிகாரிதான். பழைய கோவையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஐந்து கிழமைக்கு முன்பு அந்த நாட்டில் ஒருவரையும் தெரியாத அம்மாவுக்கு இப்போது எப்படி ஒரு அக்கா வந்தார்? முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பேரிடம் நானும் அதே தொனியில் கேட்டிருக்கிறேன்.

அதன் முடிவு வருவதற்கு முன்பே, சித்திரை பத்தாம் திகதி பிலோமினா அக்கா போய்விட்டார். முதல் விண்ணப்பத்துக்கு விசா கிடைத்திருந்தாலும், என்னுடைய நிகழ்ச்சிநிரலின்படி அன்றைக்கு நாங்கள் கரம்பொனில்தான் இருந்திருப்போம். பூப்பூக்கக் காத்துக்கொண்டு.

அடக்கத்தை அன்ரன் தொலைபேசியில் காட்டினான். அங்கே காலை, எங்களுக்கு மத்தியானம். எங்கள் மகள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தாள். மூன்று பேரும் ஒரு சின்னத் திரைக்குள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தோம். பெட்டியை இறக்கும்போது, அன்ரன் கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்த, படம் மேலே போனது. சேமக்காலையின் மதிலுக்கு அப்பால் நீலமாகத் தண்ணீர், அதற்கு அப்பால் வெள்ளை மலை.

"உதுதானோ அந்த ஏரி?" என்று கேட்டாள் யோசபின்.

"ஓம்."

"வடிவாத்தான் இருக்கு" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடியே, "அக்காவைத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்" என்றாள். அது நான் எழுதிய விடை, உம்முடையதல்ல என்று ஆறுதல் சொன்னேன். ஒரு கோவையில் பொறுப்பு யாருடையது என்று தீர்மானிப்பதைப் போல. அவள், "வாய் என்ரையெல்லோ" என்றாள்.

வருடங்கள் போய்விட்டன. எங்கள் குடும்பத்தில் இது இப்போது ஒரு பகிடி. யாராவது பக்கத்து நயினாதீவுக்குப் போய்வர வெளிக்கிட்டாலே மகள் என்னைப் பார்த்து, "எத்தினை இரவு அப்பா? மழை வந்தால் இணைப்பு நாலோ?" என்பாள். மருமகன் நூதனசாலை என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். யோசபினும் சிரிப்பாள், ஏரியின் நீளத்தை இன்றைக்கும் பிழையில்லாமல் சொல்லிக் காட்டுவாள். பதினேழாவது கேள்வியை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

போன மாதம் கிராம அலுவலர் வீட்டு விபரப் படிவம் கொண்டுவந்தார். வழக்கம்போல என்னிடம் நீட்டினார். யோசபின் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அதை வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டில் என்னைத் தவிர வேறொருவர் படிவம் நிரப்புவதை நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. கடைசிப் பக்கத்தில், வெளிநாட்டில் வதியும் நெருங்கிய உறவினர் என்று ஒரு நிரல். இறந்தவர்களை அதில் பதியக்கூடாது. அது எனக்குத் தெரியும். கிராம அலுவலருக்கும் தெரியும். அவள் பெரிய எழுத்தில், பெட்டிக்கு வெளியே போகும்படி, பிலோமினா என்று எழுதினாள். உறவு முறை: சொந்த அக்கா. நாடு: சுவிஸ்.

கிராம அலுவலர் என்னைப் பார்த்தார். நான் அதன் கீழே என் ஒப்பத்தை வைத்துக் கொடுத்தேன்.