ஆயுத பூஜையன்று அப்பா பிடுங்கிய பிளக்

அன்புள்ள சசி அக்காவுக்கு,

தம்பி பிரவீன் எழுதுவது. இங்கே அப்பா நலம். அம்மா நலம், முட்டிவலியைத் தவிர. நானும் நலம், ஷிப்ட் மாறுகிற வாரங்களைத் தவிர. கம்ப்யூட்டர்தான் நலமில்லாமல் கிடந்தது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மாமாவும் பாப்பாவும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு வரிக்கு வரி "பொய் சொல்றாம்மா, நம்பாத" என்கிறார். காகிதத்தில் அவரால் குறுக்கே பேச முடியாது.

விஷயம், நீ கேட்ட ஃபேமிலி டே வீடியோ, உன் கம்பெனி ஒரு நாள் வீட்டாரையும் உள்ளே கூப்பிட்டுச் சுற்றிக் காட்டியபோது எடுத்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் ஞானம்மா அக்கா புது வீட்டுக்குப் போகிறார், உன்னோடு போன் கம்பெனி லைனில் நின்ற பெண்கள் எல்லோரும் கம்பெனி மூடிய பிறகு முதல் தடவையாக அங்கே கூடுகிறீர்கள், அன்றைக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றாய். லைனுக்குள் போன் கொண்டுபோக உங்களை விட்டதே இல்லை. போன் தயாரிக்கிற கம்பெனியில் போனுக்குத் தடை. அதனால் நீங்கள் அத்தனை பேரும் நீலக் கோட்டும் தொப்பியுமாக ஒன்றாக நிற்பது அந்த ஒரு வீடியோவில்தான் இருக்கிறது. கம்பெனி கொடுத்த சிடி மற்றவர்கள் வீட்டில் எல்லாம் தொலைந்துவிட்டது என்றாய். நம் வீட்டில் தொலையவில்லை. காக்காய் விரட்டுவதற்காக அப்பா அதை முருங்கை மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். காக்காய் அதில் முகம் பார்த்துவிட்டுப் போனது. அதற்கு முன்பே நீ அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாயே, அந்த ஒன்றை நம்பித்தான் இத்தனை பேரும் ஓசூருக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள்.

ஆயுத பூஜை அன்று காலையில் எனக்கு லீவு என்பதால், பல மாதம் துணி மூடிக் கிடந்த கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். பட்டினி கிடந்தவன் சோற்றைப் பார்த்ததுபோல அது அப்டேட்டை ஆரம்பித்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது, அணைக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. சுற்றட்டும் என்று விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம், மவுஸ் மேல் சாமந்திப்பூ, கீபோர்டில் ஒரு எலுமிச்சம்பழம். பிளக் தரையில் கிடக்கிறது.

"இன்னாப்பா பண்ண?"

"பூஜ. ஆயுதம்னா அதுவுந்தானே? இன்னிக்கி ஒரு நாளு அதுக்கும் ரெஸ்ட்டு வுடணும்."

"ஆஃப் பண்ணாதன்னு அதுலயே எழுதி வந்துச்சேப்பா!"

"அது இங்கிலீஷ்காரன் எழுதுனது. நம்ம பூஜ அவனுக்கு எப்டிடா தெரியும்? எங்க கம்பெனில ரோபோவையே நிறுத்திட்டானுங்க. இது இன்னா அத்த வுடப் பெரிய ஆளா?"

உனக்குத் தெரியும், அப்பா இப்போது ஒரகடத்தில் கேட் செக்யூரிட்டி. அவர் சொன்னது உண்மைதான். ஆயுத பூஜை அன்று எல்லாக் கம்பெனியிலும் ரோபோவுக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, முழு ஓய்வு கொடுக்கிறார்கள். கான்ட்ராக்டில் நிற்கிற எங்களுக்கு ஒரு பொட்டலம் பொரியும், சம்பளம் இல்லாத ஒரு நாளும். அடுத்த பிறவியில் ரோபோவாகப் பிறந்தால் நேரடியாக பர்மனென்ட்.

பூஜையில் வைத்த பொருளை மறுநாள் மறுபூஜை முடிகிறவரை தொடக் கூடாது என்று அம்மாவும் சேர்ந்துகொண்டதால் அன்று முழுவதும் நான் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கற்பூரம் காட்டி, அப்பா தன் கையாலேயே சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்து. ஆரம்பிப்பதற்கான கோப்பு கெட்டுவிட்டது, கம்ப்யூட்டரைத் தொடங்க முடியாது என்று அதன் அர்த்தம். அப்பா தூர நின்று பார்த்துவிட்டு, "எழுத்து வருதே, நல்லாத்தான் கீது" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கறுப்புத் திரையைப் பார்க்கப் பார்க்க, நீ இதை வாங்கி வந்த நாள் ஞாபகம் வந்தது. முதல் தீபாவளி போனஸ். ஷேர் ஆட்டோவில் மானிட்டரை மடியில் வைத்து, குழந்தைக்குக் காற்று படாமல் மூடுவதுபோல துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்தாய். என் பெயரை ஆங்கிலத்தில் அடிக்க நீதான் சொல்லிக் கொடுத்தாய், நான் பிரவீனுக்கு இரண்டு 'வி' போட்டேன். ஞாயிற்றுக்கிழமையானால் ஹாஸ்டலில் இருந்து உன் லைன் பெண்கள் வந்துவிடுவார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, செய்யாறு, எங்கெங்கோ இருந்து வந்து ஒரே அறையில் அடைபட்டவர்கள். நம் வீட்டுத் தரையில் காலை நீட்டிப்போட்டு, இந்தக் கம்ப்யூட்டரில் பாட்டு வைத்து, உங்கள் சூப்பர்வைசர் நடக்கிற மாதிரி ஒவ்வொருத்தராக நடந்து காட்டுவீர்கள். ஞானம்மா அக்கா நடந்தால் அம்மாவே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். வீடு முழுக்கத் தேங்காயெண்ணெயும் பவுடரும் கலந்த வாசனை அடிக்கும். கம்பெனியை மூடினார்கள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமையில் நம் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை.

இதைப் படித்துவிட்டுத் தம்பிக்கு அந்தக் கம்பெனி மேல் பாசம் என்று நினைத்துவிடாதே. ஒரு துளி கிடையாது. இருபது வயதுப் பெண்களின் கண்ணையும் விரலையும் வாங்கிக்கொண்டு, அரசாங்கம் கொடுத்த வரிச்சலுகை எல்லாம் தீர்ந்ததும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிய கம்பெனி அது. எனக்கு வேண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான். அவை கம்பெனியின் சொத்து இல்லை.

பக்கத்து வீட்டு சுபாஷைக் கூப்பிட்டேன். கார் கம்பெனியில் மெயின்டனன்ஸ், மெஷின் நின்றால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குப் பயிற்சி எடுத்தவன். வந்ததும் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. காலண்டர் தாளைத் திருப்பி வைத்துப் பேனாவை எடுத்தான்.

"ஏன் ஆன் ஆவல?"

"ஸ்டார்ட் ஆவற ஃபைல் கெட்டுப்போச்சி."

"ஏன் கெட்டுச்சி?"

"அப்டேட் பாதில நின்னுச்சி."

"ஏன் நின்னுச்சி?"

"எங்கப்பா பிளக்கப் புடுங்கிட்டாரு."

"ஏன் புடுங்கினாரு?"

"ஆயுத பூஜ."

"ஆயுத பூஜ ஏன்?"

அம்மா சமையலறையில் இருந்து, "சரஸ்வதிக்குடா, இதுகூடத் தெரியாதா?" என்றார். சுபாஷ் மூல காரணம் என்ற இடத்தில் சரஸ்வதி என்று எழுதி அடிக்கோடு போட்டான். மறுபடி நடக்காமல் தடுக்க என்ன நடவடிக்கை என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அப்பாவுக்கு வந்ததே கோபம்.

"ஒண்ணு சாமி மேல எழுதறீங்க, இல்லன்னா வேல செய்றவன் மேல எழுதறீங்க. இது வரிக்கும் ஒருத்தனாவது மேனேஜர் பேர எழுதிக்கீறீங்களாடா?"

சுபாஷ் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

பிறகு நானும் அப்பாவும் சிபியூவை வண்டியில் நடுவே வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் என் வயதுக்காரர். பார்த்த உடனே, "ஃபார்மட் பண்ணிடலாம் பிரதர்" என்றார்.

"அப்டின்னா?" என்றார் அப்பா.

"உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சிட்டுப் புதுசா போட்ருவோம் சார். மெஷின் ஃபிரெஷ்ஷா ஆயிடும்."

அப்பா, "கம்பெனிக்கு எடுத்த எங்க நெலத்துக்கும் அதான் பண்ணாங்க. நல்லா ஃபிரெஷ்ஷாத்தான் கீது. அந்த கேட்டுலதான் நிக்கிறேன், உள்ள போவணும்னா எனக்கே பாஸ் வோணும்" என்று சொல்லிவிட்டு சிபியூவைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நானும் அப்பாவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான்.

கடைசியில் நானே இறங்கினேன். வேறொரு கம்ப்யூட்டரில் பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, அதை வைத்து இதை எழுப்ப வேண்டுமாம். பென் டிரைவுக்கு எங்கே போவது? எங்கள் கம்பெனி கேட்டில் பையில் பென் டிரைவ் இருந்தால் திருடன் என்று அர்த்தம், அதனால் என் லைனில் யாரிடமும் இல்லை. சுபாஷ் தன் பாட்டு பென் டிரைவைத் தியாகம் செய்தான். பிரவுசிங் சென்டரில் அதைத் தயார் செய்து வந்து செருகி, ரிப்பேர் என்பதை அழுத்தினேன். கம்ப்யூட்டர் தன்னைத் தானே யோசித்துப் பார்த்துவிட்டு, என்னால் முடியவில்லை என்றது. அதற்கப்புறம் ஒரு கறுப்புப் பெட்டி திறந்து அதில் கட்டளையை எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும். சுபாஷ் தன் போனைப் பார்த்துப் படிக்க, நான் அடித்தேன்.

"தப்பா அட்ச்சா இன்னா ஆவும்?" என்றார் அப்பா.

"எல்லாம் போயிடும்ப்பா."

"அப்போ எந்திரி. ராவு காலம் போவட்டும்."

சாமியே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற நான், அக்கா, எழுந்துபோய் ராகு காலம் முடிகிறவரை வாசலில் நின்றேன். உன் வீடியோ அல்லவா உள்ளே இருக்கிறது.

திரும்பி வந்து மிச்சத்தை அடித்தேன். உள்ளே ஒரு விண்டோஸ் இருக்கிறது, பட்டியலில் சேர்க்கட்டுமா, ஆமாவா இல்லையா என்று கேட்டது. அப்பா, "மருவாதியாத்தானே கேக்குது, ஆமான்னு சொல்லேன்டா" என்றார். சொன்னேன். பென் டிரைவைப் பிடுங்கி மறுபடி ஆன் செய்தேன். திரையில் நீ வைத்த ஊதா ரோஜாப்பூ படம் வந்தது. அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

வீடியோவைப் பார்த்தோம். அப்பா கஞ்சி போட்ட சட்டையில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார், அது சட்டையில் சொட்டுகிறது. நான் பல் விழுந்த வாயோடு கேமராவை மறைக்கிறேன். நீங்கள் எல்லோரும் வரிசையாக நின்று கையாட்டுகிறீர்கள். அம்மா லைனில் உன் இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உக்கார்ற எடம் எங்கடி?" என்று கேட்கிறார். நீ சிரிக்கிறாய். உன் பக்கத்தில் நிற்கிற எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு நானும் சிரித்திருக்கிறேன், வீடியோவில் என் குரல் கேட்கிறது. இப்போது நான் ஒரு லைனில் எட்டு மணி நேரம் நிற்கிறேன். அந்த இடம் வந்ததும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எட்டு மணி நேரமும் நின்னுக்கினே இருந்தாளாடா?" என்றார். நான் சத்தத்தைக் குறைப்பதுபோல நடித்தேன்.

வீடியோவை சுபாஷின் பென் டிரைவிலேயே ஏற்றி இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். எங்களால் வர முடியாது. ஞாயிறு எனக்கு ஓவர்டைம், அப்பாவுக்கு டூட்டி, அம்மாவால் பஸ் படி ஏற முடியாது. எல்லோரும் பாருங்கள், சிரியுங்கள், ஞானம்மா அக்காவை ஒரு தடவை நடந்து காட்டச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கம்பெனிக்காக யாரும் கண்ணீர் விடாதீர்கள். அது போனது போனதுதான், அதற்காக ஒரு நாள் கூலியை விடுவதற்கு இந்த வீட்டில் யாரும் தயாராக இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு என் முத்தம். உனக்கு அப்பா அம்மாவின் ஆசீர்வாதம், அதில் அப்பாவுடையதைக் கொஞ்சம் யோசித்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் தம்பி
பிரவீன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அப்பா பென் டிரைவை வெளியே எடுத்துவிட்டார். "இத்தினூண்டு சாமான்ல அத்தினி பொண்ணுங்களும் எப்டிடா இருப்பாங்க?" என்கிறார். முழு சிபியூவையும் அம்மாவின் பழைய புடவையில் சுற்றி அரிசிச் சாக்கில் வைத்துக் கட்டியாகிவிட்டது. சனிக்கிழமை பஸ்ஸில் மூன்று பேரும் சாக்கோடு கிளம்புகிறோம், அங்கே ஒரு மானிட்டருக்கு மட்டும் ஏற்பாடு செய்துவை. அப்பா டூட்டி மாற்றிக்கொண்டார். அம்மாவுக்கு முட்டிவலி இல்லையாம். நான் ஓவர்டைம் வேண்டாம் என்றேன், சூப்பர்வைசர் காரணம் கேட்டார். ஃபேமிலி டே சார் என்றேன். எந்தக் கம்பெனியில் என்றார். மூடின கம்பெனியில் என்றேன்.