நிறுத்தச் சொல்லும் வரை

தர்மபுரி மாவட்டத்தில் என் மானத்தை அதிகமாக வாங்கியவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் மாதிரி மாஸ்டரைத்தான் கைகாட்டுவேன்.

எண்பதுகளின் கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார். இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஏசி, கண்ணாடிக் கதவு. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கற்பூரம் காட்டாததுதான் பாக்கி. கரண்ட் போனால் பாடம் மொட்டை மாடிக்கு மாறிவிடும், தினமும் போகும். மாஸ்டருக்கு என் வயதுதான் இருக்கும். கொளுத்துகிற வெயிலிலும் டை கட்டியிருப்பார். எதைக் கேட்டாலும் "அது எது மாதிரின்னா" என்று ஆரம்பிப்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

வேரியபிள் என்றால் என்ன என்று கேட்டேன்.

"அஞ்சறைப்பெட்டி கிண்ணம் மாதிரிங்க. காலைல கடுகு போட்டா கடுகு. சாயங்காலம் அதக் கொட்டிட்டு சீரகம் போட்டா சீரகம்."

"தப்பா எழுதுனா?"

"கம்ப்யூட்டரு மாமியா மாதிரிங்க. ஒரு கமா வுட்டுப் போனாலும் அடுப்பு பத்தவுடாது."

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற 'லூப்' நடத்திய அன்றுதான் எனக்குச் சனி பிடித்தது. ஒரு பை தக்காளியோடு மாடிக்கு வந்தார். எங்கள் ஐந்து பேர் கையிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்.

"தண்ணித் தொட்டியச் சுத்துங்க. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்கு சொந்த புத்தி கெடையாதுங்க."

"தக்காளி எதுக்குங்க சார்?"

"அது டேட்டா."

சுற்றினோம். அவர் கீழே டீ குடிக்கப் போனார். அங்கே யாரோ பேச்சில் பிடித்துக்கொள்ள, எங்களை மறந்தே போனார். நாங்களும் சொந்த புத்தி இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தோம். பக்கத்து மாடியில் புளி காயப்போட்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

நான் வீடு சேருவதற்குள் சேதி சேர்ந்துவிட்டது.

"கல்யாணம் ஆவோணும்னு வேண்டுதல்னா கோயிலச் சுத்துவாங்க. நீ எதுக்குடி தண்ணித் தொட்டியச் சுத்துன?" என்றாள் அம்மா.

"லூப்பும்மா" என்றேன். அந்தப் பெயரில் ஒரு சாமி இருப்பதாக அவள் நினைத்திருக்க வேண்டும். அண்ணனோ, "அவளே ஆசைப்படறா, நாமதான் கண்டுக்கல" என்று அந்த வாரமே அதியமான்கோட்டையில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டான். அழுது தீர்த்தேன். கடைசியில் ஒரு வழிக்கு வந்தான். பாலக்கோட்டில் ஒரு விதைக் கம்பெனி கம்ப்யூட்டருக்கு ஆள் எடுக்கிறது என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சு நின்றுவிடும். கிடைக்காவிட்டால் தை மாதம் தாலி.

எல்லாவற்றையும் இங்கிலீஷில் மனப்பாடம் செய்தேன். வாயில் ஒரு 'மாதிரி' வரக்கூடாது என்று சபதம் வேறு.

"லூப்புன்னா என்னம்மா?" என்று கேட்டார் மேனேஜர்.

மனப்பாடம் செய்த இங்கிலீஷ் மொத்தமும் போன இடம் தெரியவில்லை. கை தானாகவே அவருடைய பேப்பர் வெயிட்டை எடுத்தது. கால் அவர் மேசையைச் சுற்ற ஆரம்பித்தது. அவரும் நாற்காலியோடு கூடவே கொஞ்ச நேரம் திரும்பிப் பார்த்தார், பிறகு தலை சுற்றியோ என்னவோ விட்டுவிட்டார். பியூன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது, ஆனால் கால் நிற்கவில்லை.

"போதும்மா" என்றார் கடைசியில். நின்றேன்.

"ஏம்மா, நீங்களாவே நின்னுக்கலாம் இல்ல?"

"நீங்க சொல்லலைங்களே சார்."

என் விண்ணப்பத்தில் ஒரு டிக் போட்டார்.

"திங்கக்கெழம வந்துருங்க. பேப்பர் வெயிட்ட வெச்சுட்டுப் போங்க."

வெளியே வந்தால் எதிர் டீக்கடை முன்னால் கூட்டம். தக்காளி மண்டிக்கு வந்த ஆட்கள் எல்லாம் அங்கேதான் நின்றார்கள். நடுவில் வேப்பமரம். அதைச் சுற்றிக்கொண்டிருந்தார் மாதிரி மாஸ்டர், கழுத்தில் டை, கையில் தக்காளி.

"பாவம், நீங்க உள்ள போனதுல இருந்து சுத்தறாருங்க. என்ன வேண்டுதலோ" என்றார் டீக்கடைக்காரர்.

மாஸ்டர் என்னைப் பார்த்தும் நிற்கவில்லை. நடந்துகொண்டே, "நிறுத்தலாங்களா?" என்று கேட்டார்.

"கெடச்சிருச்சுங்க சார். நிறுத்திக்குங்க."

நின்றார். பிடித்த பிடியில் தக்காளி நசுங்கி டை முழுக்க ஒழுகியிருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்தச் சந்தைக் கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, என் முந்தானையால் அவர் டையைத் துடைத்துவிட்டேன்.