ஏஜெண்டம்மாவிடம் சொன்ன ரகசியம்

சக்கரபாணியின் வீடு என்றால் மூலக்குளத்தில் ஒரு பயம் உண்டு. அந்தப் பயம் எனக்கு மட்டும்தான். ஏனென்றால் நான்தான் சக்கரபாணி.

ஆனாலும் அன்றைக்கு உறுதியாக இருந்தேன். 'முடியாது' என்று சொல்லியே தீருவது!

என் மனைவி தனக்கொடி புற்றுநோய்க்கென்று தனியாக ஒரு பாலிசி எடுக்கச் சொல்கிறாள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இது அதற்கு மேலே. நோய் உறுதியானால் மொத்தமாகக் கையில் பணம் தருவார்களாம்.

"வராத நோவுக்கு வருஷா வருஷம் மொய் எழுதணுமா?" என்றேன்.

"எங்க அண்ணனுக்கு வந்துதே! வைத்தியம் இலவசம்தான். ஆட்டோவுக்கு, சாப்பாட்டுக்கு, அண்ணி வேலைக்குப் போவாம கூடவே கெடந்ததுக்கு எவன் குடுத்தான்? வண்டி, கம்மல் எல்லாம் போச்சு. எனக்கு பயமா இருக்குங்க."

நான் மசியவில்லை. அவளே பெருமூச்சு விட்டாள்.

"சிகரெட் புடிக்கறவங்களுக்குத் தரவே மாட்டாங்களாம். நல்லவேளை, நீங்க தொடறதே இல்ல."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் தொடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரியாமல் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இனி ஏஜெண்டே என்னை வேண்டாம் என்பார். நான் ஏன் கெட்ட பேர் வாங்க வேண்டும்?

ஏஜெண்ட் நிர்மலாதேவி வந்தார். தனக்கொடி காபி போட உள்ளே போனாள். நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டேன்.

"மேடம், வீட்டுல தெரியக் கூடாது. நான் சிகரெட் புடிப்பேன்."

"ஒரு நாளைக்கு எத்தன சார்?"

உண்மையைச் சொன்னால், போனால் போகிறதென்று சேர்த்துக்கொண்டு விட்டால்?

"இருபது. விசேஷ நாள்ல முப்பது. எங்க பரம்பரையே அப்படித்தான் மேடம். கொழந்தைக்குப் பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடி பீடி மொளைச்சிடும். நான் கொட்டாவி விட்டாக்கூட பொகைதான். பாலிசி கெடைக்காதில்ல?"

முதுகுக்குப் பின்னால் டம்ளர் விழுந்தது. தனக்கொடி! கண் நிறையத் தண்ணீர்.

"முப்பதா? எங்க அண்ணன்கூட அவ்ளோ புடிக்கலியே! பாவி மனுஷா, என்னைத் தனியா விட்டுட்டுப் போவப் பாக்கறியா?"

அவள் அழுதால் எனக்குத் தாங்காது. பதறிப் போனேன்.

"அய்யோ, சும்மா சொன்னேன் தனம்! உன்மேல சத்தியமா ரெண்டே ரெண்டு! காலையில பால் வாங்கப் போறப்ப ஒண்ணு, சாயங்காலம் வண்டிக்குக் காத்து புடிக்கப் போறப்ப ஒண்ணு!"

அழுகை பட்டென்று நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ரெண்டுன்னு எழுதிக்கம்மா நிர்மலா."

"தெனமுமா சார் காத்து புடிப்பீங்க?" என்றபடியே நிர்மலாதேவி எழுதினார். "மறைச்சா பின்னால பணம் கேக்கறப்ப கைய விரிச்சிடுவாங்க. அதான் அக்கா சரியான கணக்கு வேணும்னாங்க."

"புடிக்கறவங்களுக்குத் தர மாட்டாங்கன்னியேடி!" என்று தனக்கொடியிடம் பாய்ந்தேன்.

"தருவாங்க. கட்டற பணம்தான் கொஞ்சம் கூடும். அப்படிச் சொல்லலன்னா வாயத் தொறப்பீங்களா? சட்டைய மோந்துட்டுக் கேட்டா, டீக்கடைப் பொகைன்னுதானே சொல்வீங்க!"

கடைசியாக ஒரு முறை நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அந்தக் கூடுதல் பணத்துக்கு எங்க போறது?"

"நாளையிலேர்ந்து பால் நான் வாங்கறேன். வண்டிக்குக் காத்தும் நானே புடிச்சாறேன். நீங்க வீட்டோட குந்துங்க. பணம் தானா சேரும்."

குந்தினேன்.