மருந்தய்யா கொடுத்த மழை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்தய்யாவை நம்பிய ஆள் ஒருவரும் கிடையாது. அவர் மருந்தைக் குடிக்காத ஆளும் கிடையாது. இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே, தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஒரே போத்தலிலிருந்து ஊற்றுவார். கையில் எந்நேரமும் ஒரு டேப் ரெக்கார்டர் வேறு. நாங்கள் வேலைநிறுத்தம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த எண்பதுகள். சும்மா இருப்போமா? தோட்டத்தை நடத்துகிற தொரைக்கு ஒட்டுக்கேட்கிற ஆள் என்று முடிவுகட்டிவிட்டோம்.

எனக்கு ஃபெக்டரியில் இராவேலை, பகலில்தான் தூக்கம். மழைக்காலத்தில் தகரக்கூரைச் சத்தத்தில் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கூச்சலெல்லாம் அமுங்கிப்போகும். மழைக்காலம் முடிந்ததும் தூக்கமும் போச்சு. மெஷின் பக்கத்தில் இரண்டு தடவை கண்ணயர்ந்துவிட்டேன். மூன்றாவது தடவை தூங்கினால் வேலையிலிருந்து பேரை வெட்டிவிடுவதாக, ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சொல்லிவிட்டார்.

மருந்தய்யாவிடம் தூக்க மாத்திரை கேட்டேன். ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு, ஒரு கேசட்டையும் தன் ரெக்கார்டரையும் தந்தார். போட்டால் மழை! பத்து நிமிஷத்துக்கு மேல் நான் கேட்டதே இல்லை; அதற்குள் குறட்டை.

கேசட் விஷயம் தெரிந்ததும் தொழிற்சங்கத் தலைவர் விடுவாரா? "டிஸ்பென்சரி கூரையும் ஓடு, அவரு குவார்ட்டர்ஸ் கூரையும் ஓடு. இது தகரத்துச் சத்தம். லயத்துல யாரு வீட்டுல ஒக்காந்து புடிச்சாரு?"

ஞாயிற்றுக்கிழமை லயமே கூடி உட்கார்ந்து கேட்டது. மழைக்கு நடுவே, 'ணங்... ணங்' என்று சட்டியில் விழுகிற ஒழுகல். எல்லார் கூரையும்தான் ஒழுகும். ஆனால் அந்த நசுங்கிய அலுமினியச் சட்டி என்னுடையது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"அப்ப அவரு ஆளு நீதானா?" என்றார் தலைவர். கேசட்டை அடுப்பில் போடச் சொன்னார்கள். தூக்கம் போச்சு, வேலையும் போச்சு என்று நான் ரெக்கார்டரை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

என் மனைவி பாக்கியம் முன்னால் வந்தாள். "நீங்க ராவேலைக்குப் போயிருந்தப்ப ஒருநாள் மழை பேஞ்சிச்சு. மருந்தய்யா டேப்போட ஓடியாந்தாரு. பழகுன கூரைதான் தூக்கம் தரும்னாரு. ஒம் புருசன்கிட்ட இது அவரு வீட்டு ஒழுகலுன்னு சொல்லிறாத, தூக்கத்துல எந்திரிச்சு சட்டிய ஊத்தப் போயிருவாருன்னாரு."

தலைவர் அதையும் நம்பவில்லை. முழுசாக ஓடட்டும் என்றார். கேசட் முடிகிற இடத்தில் ஒரு தும்மல். அப்புறம் மூன்று. மருந்தய்யாவின் தும்மல் தோட்டத்துக்கே தெரியும்.

"உள்ள வாங்கன்னேன், வரல. குடைய டேப்புக்குப் புடிச்சுகிட்டு வாசல்லயே நனைஞ்சாரு" என்றாள் பாக்கியம்.

மறுவாரம் தலைவரே டிஸ்பென்சரிக்குப் போய், தன் கூரைக்கும் ஒரு கேசட் கேட்டார்.

இப்போது போனில் எத்தனையோ மழை கிடைக்கிறது. எந்த ஊர், யார் கூரை என்று தெரியாததால் எனக்குச் சந்தேகம்தான். கடைசிவரை விழித்திருந்து கேட்கிறேன்; யாரும் தும்மக் காணோம். மருந்தய்யாவைக் கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்ட பிறகுதான் தூக்கம் வருகிறது.