நடுவர் சொல்லாமல் விட்ட தீர்ப்பு

உலகத்தில் எந்த நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தாலும், வென்றவர் யார் என்பதை முதன்முதலில் அறிவிப்பவர் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் தெருவில், மூன்றாம் மாடியில் இருந்தார். அந்த நாட்டுச் சனம் வாக்குப் போடப் போவதற்குக் கிழமைக்கணக்கில் முன்னரே அறிவித்துவிடுவார். அவர் சொன்னது அனேகமாகப் பிழையாகிவிடும். அதற்காக அவர் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. "நான் சரியாத்தான் சொன்னனான். சனம் பிழையாப் போட்டிட்டுது" என்பார்.

தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் நடுவர். பட்டிமன்றம் என்றால் உயிர். இரண்டு அணியும் பேசி முடிந்ததும் நடுவிலிருப்பவர் தொண்டையைச் செருமி, இரண்டு பக்கத்தையும் மெச்சி, கடைசியில் ஒரு போடு போடுவாரே, அந்தக் கதிரையில் ஒரு நாளாவது இருந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆஸ்பத்திரியில் சலவைப் பகுதியில் வேலை செய்து பென்சன் எடுக்கும் வரைக்கும் ஒருவரும் அவரை அந்தக் கதிரைக்குக் கூப்பிடவில்லை. அதனால் தொலைக்காட்சியில் நடக்கும் ஜனாதிபதி வேட்பாளர் விவாதங்களுக்கு அவர் தன்னைத் தானே நடுவராக நியமித்துக்கொண்டார்.

அமெரிக்காவில் விவாதம் நடந்தால் பதிவை எடுத்துவைத்துவிடுவார். சனிக்கிழமை கோவில் பூசை முடிந்து, சாப்பிட்டு, மத்தியானம்தான் அமர்வு தொடங்கும். அதுவரைக்கும் யாரும் அவருக்கு முன்னால் அமெரிக்கா என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. வேட்டி கட்டி, விபூதி பூசி, தன் மகளின் கலியாணத்தில் கிடைத்த பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருவார். கையில் ஒரு பித்தளைக் கைமணி. வேட்பாளர் கொடுத்த நேரத்துக்கு மேலே ஒரு வசனம் பேசினால் மணி கிலுங்கும். பெரிய வல்லரசின் தலைவராக இருந்தவர்கூட எங்கள் தெருவில் மணியடி வாங்கியிருக்கிறார். கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா ஒரு நாள் என்னைப் படிக்கட்டில் மறித்து, உங்கள் பூசையெல்லாம் நல்லதுதான், ஆனால் உங்கள் சாமி ஏன் இவ்வளவு கோபமாக ஆங்கிலத்தில் கத்துகிறார் என்று மரியாதையாகக் கேட்டார்.

பிரான்ஸ் தேர்தல் வந்தபோது அதற்கும் இருந்தார். பிரெஞ்சில் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. நான் பக்கத்தில் இருந்து, "அண்ணை, என்ன கதைக்கினம் எண்டு உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டேன்.

"பாஷை எதுக்கு? பொய் சொல்லப்போற மனிசன் முதல்லை தண்ணி குடிப்பான். ஆர் கூடுதலாத் தண்ணி குடிக்கிறான் எண்டு பாரும்."

அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே அளவு குடித்துவிட்டார்கள். தீர்ப்பு மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அவருக்கு இந்த விவாதங்களில் ஒரு பெரிய மனக்குறை இருந்தது. எல்லாம் பேசி முடித்து, கை கொடுத்து, மனைவிமாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கேள்வி கேட்டவரும் நன்றி வணக்கம் சொல்லிவிட்டு எழும்பிவிடுகிறார். தீர்ப்பு? "தீர்ப்பில்லாத விவாதம் உப்பில்லாத சோறு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். சொல்லிவிட்டு எழுந்து நின்று, "இரண்டு அணியினரும் திறம்படப் பேசினார்கள், இருந்தாலும்" என்று தொடங்கித் தான் அந்த உப்பைப் போடுவார்.

ஜெர்மனியில் ஜனாதிபதியைச் சனம் நேரே தெரிவு செய்வதில்லை, அதனால் விவாதமும் இல்லை. இது அவருக்குப் பெரிய துக்கம். குடியுரிமைக்கு டெர்மின், அதாவது நாளும் நேரமும் குறித்துக் கிடைத்துப் போனபோது, அதிகாரி அம்மா பத்திரத்தைக் கையில் கொடுத்து, ஏதாவது கேட்க இருக்கிறதா என்று உபசாரத்துக்குக் கேட்டிருக்கிறார். இவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, இவ்வளவு பெரிய நாட்டில் ஜனாதிபதிக்கு ஏன் ஒரு விவாதம் வைக்கவில்லை என்று கேட்டாராம். அந்த அம்மா, இந்தக் கேள்வி இதுவரை தன்னிடம் வரவில்லை என்றாராம். "வரும். நான் இனி உங்கடை ஆள்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

தேர்தல் இல்லாத மாதங்களில் அவர் கைக்கு எது அகப்படுகிறதோ அதற்குத் தீர்ப்பு. தமிழ்க் கடையில் ஒரு புருசனும் பெண்சாதியும் முருங்கைக்காய் முற்றலா பிஞ்சா என்று வாக்குவாதப்பட, இவர் நடுவில் போய் நின்றுவிட்டார். இரண்டு பக்கத்தையும் மெச்சி முடித்துப் பெண்சாதி பக்கம் தீர்ப்பைச் சொன்னபோது, கடைக்காரர் ஆட்களை வரிசையில் வைத்துக்கொண்டு நின்றார். புருசன்காரன் முருங்கைக்காயைத் திரும்ப வைத்துவிட்டுப் போனான். எங்கள் வீட்டிலும் என் மனைவிக்கும் எனக்கும் வந்த வழக்குகளில் நான் ஒன்றிலாவது வென்றதாக ஞாபகம் இல்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் பிள்ளையார் ஒரு நாள் உண்மையான கதிரையைக் கொடுத்தார்.

எங்கள் பிள்ளையார் கோவில் பழைய கம்பளக் களஞ்சியம் ஒன்றில் இருக்கிறது. ஜெர்மன் சட்டப்படி கோவில் ஒரு சங்கம். சங்கத்துக்குத் தலைவர் வேண்டும், தலைவருக்குத் தேர்தல் வேண்டும். அந்த முறை இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பாண் பேக்கரியில் வேலை செய்யும் குணம் அண்ணை. ஊருக்கு வெளியே காணி வாங்கிக் கோபுரத்தோடு கோவில் கட்டவேண்டும் என்பது அவர் கட்சி. மற்றவர் நகர பஸ் ஓட்டும் ராசன் அண்ணை. இருக்கிற இடத்திலேயே இருப்போம், வயதுபோன சனம் பஸ்ஸில் வந்து இறங்கிக் கும்பிடுகிற இடம் இது என்பது அவர் கட்சி.

இரண்டு பேரும் அகதிமுகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். பிறகு குணம் அண்ணையின் தங்கை தேவி அக்காவைத்தான் ராசன் அண்ணை கலியாணம் முடித்தார். அப்படிப்பட்ட மச்சான்மாருக்குள் இந்தக் கோபுரத்தால் ஒரு வருசமாகக் கதைபேச்சு இல்லை. இதில் தோற்கிறவர் தன் ஆட்களோடு பிரிந்துபோய் வேறு கோவில் தொடங்குவார் என்று எல்லாருக்கும் தெரியும். எத்தனை ஊரில் அப்படி நடந்திருக்கிறது. கோவில் மடைப்பள்ளியில் அன்னதானத்துக்குச் சமைப்பவர் தேவி அக்கா. ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே என் மனைவியிடம், "ரெண்டு கோவில் வந்தால் சாமிக்கு ஒண்டுமில்லை, அக்கா. எனக்குத்தான் ஒரு வீடு இல்லாமப் போகும். புருசனை விடுறதோ, அண்ணனை விடுறதோ?" என்று சொன்னாராம். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்தாராம்.

இது நடுவரின் காதுக்குப் போனது. அடுத்த பொதுக்கூட்டத்தில் எழும்பினார். உலகத்தில் நாகரிகமான நாடுகள் எல்லாம் வேட்பாளரை நிறுத்தி விவாதம் வைக்கின்றன, பிள்ளையார் மட்டும் என்ன குறைந்தவரா என்று கேட்டார். பிள்ளையாரைக் குறைந்தவர் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? கைகள் உயர்ந்தன.

விவாதத்தன்று கோவிலைப் பார்க்கவேண்டும். தொலைக்காட்சியில் போல வேட்பாளருக்கு ஆளுக்கொரு சாய்மேடை வேண்டும் என்றார். கோவிலில் பிரசங்க மேடை ஒன்றுதான் இருந்தது. மற்றதற்கு என் மனைவியின் உடுப்பு அழுத்தும் மேசையை உயர்த்திப் பட்டுத்துணி போர்த்தினோம். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். திருவிழாவை இணையத்தில் காட்டும் கமரா முன்னால் வைக்கப்பட்டது. உள்ளே இடம் கிடைக்காத சனத்துக்குச் சாப்பாட்டு மண்டபத்துப் பெரிய தொலைக்காட்சியில் காட்டினார்கள். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சொந்தக்காரர் பார்த்தார்கள். நடுவர் பொன்னாடையோடு நடுக்கதிரையில் இருந்தார். மணி மடியில் இருந்தது.

தொடங்குமுன் பூக்கட்டிப் பார்க்கவேண்டும் என்றார். நல்ல காரியத்துக்கு நாங்கள் செய்கிற வழமைதான். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று பொட்டலமாகக் கட்டிச் சாமி பாதத்தில் வைத்து எடுப்பது. யார் முதலில் பேசுவது என்பதற்காக்கும் என்று நினைத்தோம். நடுவர் கட்டிவந்த இரண்டு பொட்டலத்தில், மூத்தவர் என்று குணம் அண்ணை ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

நடுவர் மற்றப் பொட்டலத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "வெள்ளை எண்டால் இருக்கிற இடம். குணம் அந்தக் கட்சிக்குக் கதைப்பார். ராசன் புதுக்கோவிலுக்குக் கதைப்பார்" என்று ஒலிவாங்கியில் அறிவித்தார்.

குணம் அண்ணைதான் முதலில், "என்ன விசர்க்கதை இது? என்ரை கட்சி கோபுரம்" என்றார்.

"பட்டிமன்றத்திலை தலைப்பைக் குடுக்கிறது நடுவர். இது அதுக்கும் மேலை, சாமி குடுத்தது. பாதத்திலை வைச்சு எடுத்ததை மாத்த ஏலாது. ஏலும் எண்டால் அவரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ."

குணம் அண்ணை திரும்பிச் சாமியைப் பார்த்தார். சாமி ஒன்றும் சொல்லவில்லை. கமராவும் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த இடம்..." என்று தொடங்கினார் குணம் அண்ணை. தண்ணீர் குடித்தார். "நல்ல இடம்." சனம் சிரித்தது. நடுவர் இன்னும் நேரம் இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் அழுத்தும் மேசையைத் தடவிக்கொண்டு நின்ற மனிதர், பிறகு கூரையைப் பார்த்தார்.

"இந்தக் கூரை ஒழுகேக்கை நானும் மச்சானும்தான் மேலை ஏறித் தார் பூசினது. நல்ல மழை. நான் சறுக்கினனான். இவர் என்ரை காலைப் பிடிச்சவர். விடேல்லை. விட்டிருந்தால் நான் இண்டைக்கு இதிலை நிண்டு கதைக்கமாட்டன். அப்பிடிப் பார்த்தால்... ஓம், நல்ல இடம்தான்."

மச்சான் என்ற சொல் ஒரு வருசத்துக்குப் பிறகு அந்த வாயால் வந்தது. நடுவர் மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நேரம் தாண்டியும் அடிக்கவில்லை. வல்லரசுக்குக் கொடுக்காத சலுகை அது.

ராசன் அண்ணை தன் முறைக்கு வந்தார். பஸ் ஓடாத இடத்துக்குப் போகலாம் என்று பஸ் சாரதி ஒருவர் பேசவேண்டியிருந்தது. "பஸ் இல்லாட்டி என்ன? சனிக்கிழமையிலை நான் வான் வண்டியிலை எல்லாரையும் ஏத்திக்கொண்டு போவன்" என்று சொல்லிவிட்டார். கிழவர்கள் கைதட்டியபோதுதான் தான் கொடுத்த வாக்கு அவருக்கே விளங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "மச்சான் கீறின கோபுரப் படத்தைத் தேவி எனக்குக் காட்டினவ. வடிவாத்தான் கீறியிருக்கிறார். நான்தான் அதை அவருக்குச் சொல்லேல்லை" என்றார்.

அந்த நேரம் வாசலில் பார்த்தேன். மண்டபத்துத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு நின்ற தேவி அக்கா, அகப்பையைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்துவிட்டார். சாம்பார் நிலத்தில் சொட்டியது. சாதாரண நாளென்றால், கோவிலைக் கூட்டுகிற நான்தான் முதலில் சத்தம் போடுவேன்.

விவாதம் முடிந்தது. நடுவர் எழுந்தார். தன் வாழ்நாள் முழுக்க எந்த நிமிசத்துக்காகக் காத்திருந்தாரோ அந்த நிமிசம் இது. உண்மையான சபை, உண்மையான கமரா, கடல் தாண்டியும் சனம். பொன்னாடையைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார்.

"இரண்டு அணியினரும்..." என்றார். தேவி அக்காவைப் பார்த்தார், அகப்பையைப் பார்த்தார், மச்சான்மார் இரண்டு பேரையும் பார்த்தார். பொன்னாடை நுனியால் மூக்கைத் துடைத்தார்.

"தீர்ப்பில்லை. சோறு ஆறுது. போய்ச் சாப்பிடுங்கோ."

சொல்லிவிட்டு ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார். அன்றைக்குச் சாப்பாட்டு மண்டபத்தில் குணம் அண்ணையின் இலைக்கு ராசன் அண்ணை சோறு போட்டார். வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் போட்டார்.

சனம் கலைந்த பிறகு கோவிலைக் கூட்டுவது என் தொண்டு. நடுக்கதிரைக்குக் கீழே அந்த மற்றப் பொட்டலம் விழுந்து கிடந்தது. பிரித்தேன். அதுவும் வெள்ளை. சாமி காரியத்தில் களவா? ஓடிப்போய், வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த நடுவரைப் பிடித்தேன்.

"அண்ணை, இதுவும் வெள்ளை."

"ஓம்."

"பிள்ளையாரை ஏமாத்தலாமோ?"

"ஆர் ஏமாத்தினது? விடியவே வந்து அவரிட்டைக் கேட்டனான். வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

வீடு வந்து யோசித்தேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. தேவாரமும் கொஞ்சம் புராணமும்தான் தெரியும். ஆனால் ஒரு மாம்பழத்துக்காக உலகத்தைச் சுற்றச் சொன்னபோது, தாயையும் தகப்பனையும் சுற்றிவிட்டு வந்து நின்றவர் எங்கள் பிள்ளையார். குடும்பம் ஒன்றாக இருக்க ஒருவர் குறுக்குவழியில் போனால் அவர் கோபிக்கமாட்டார் என்று தெளிந்தேன். இப்போது மச்சான்மாருக்கும் இது தெரியும். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தேர்தலில் குணம் அண்ணை தலைவரானார், ராசன் அண்ணை உபதலைவர். ஒருவரும் பிரிந்து போகவில்லை. கோபுரம் கட்ட, பஸ் கடைசியாக நின்று திரும்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காணியைப் பார்த்திருக்கிறார்கள். போன மாதம் ஐயர் வந்து தேங்காய் உடைத்தார். அது நேர்பாதியாக உடைந்தது. வான் வண்டியில் கிழவர்களை ஏற்றிக்கொண்டு போகும் ஆபத்தில் இருந்து ராசன் அண்ணை தப்பிவிட்டார்.

நடுவர் இப்போது பீலெஃபெல்ட்டில் மகளோடு இருக்கிறார். போகும்போது அந்தக் கைமணியை என்னிடம் தந்தார். மகள் வீட்டில் சின்னக் குழந்தை தூங்குகிறதாம், மணி ஆகாதாம். அது எங்கள் சாமியறையில் இருக்கிறது. எந்த நாட்டிலாவது ஜனாதிபதி வேட்பாளர்கள் தொலைக்காட்சியில் விவாதம் செய்தால், பதிவை எடுத்துவைத்துச் சனிக்கிழமை மத்தியானம் நானும் மனைவியும் பார்க்கிறோம். ஆள் நேரம் தாண்டினால் மனைவி மணியை அடிக்கிறாள். முடிந்ததும் நான் பீலெஃபெல்ட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணை, தீர்ப்பைச் சொல்லுங்கோ" என்பேன். மறுபக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்கும்.

அவர் சொல்வது பிழையாகிவிடும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அதைக் கேட்காமல் எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்துவதில்லை.