முன்னால் போகும் நீல வேன்

அன்புள்ள ஓராலியா அக்காவுக்கு, பேஜ் ஊர் ஏரிக்கரை முகாமிலிருந்து தங்கை எர்லிண்டா எழுதிக்கொண்டது. சொக்கோரோவில் நீயும் அத்தானும் சுகமென்று நம்புகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் இந்த வரியை எழுதும் வரைக்கும் சுகம். அடுத்த வரிக்கு உத்தரவாதம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களை ஒரு நீல வேன் பின்தொடர்கிறது. பின்பக்கக் கதவில் தாம்பாளம் அளவுக்கு ஆரஞ்சுச் சூரியன் வரைந்திருக்கும். உள்ளே ஒரு தாடிக்காரன், வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண். முதலில் கேலப் ஊர் முகாமில் பார்த்தேன், பக்கத்துக் கூடாரம், சரி போகட்டும் என்று விட்டேன். மறுநாள் சின்லியில் நாங்கள் கூடாரம் அடித்து நிமிர்ந்தால் எதிரே அதே சூரியன். எலோயிடம் சொன்னேன். "பாலைவனத்துல மொத்தம் ரெண்டு ரோடு, எர்லி. அதுல ஒண்ணுல அவங்க போறாங்க, அவ்வளவுதான்" என்கிறார் மனுஷன். அன்று சாயங்காலம் அந்தத் தொப்பிக்காரி டின் ஓப்பனர் கேட்டு வந்தாள். கேட்டது ஓப்பனர், பார்த்ததோ எங்கள் டிரக், நம்பர் பலகை, கூடாரத்தின் உள்பக்கம் எல்லாம். போகிறபோக்கில், "நாளைக்கு எந்தப் பக்கம் போறீங்க?" என்றாள். நான் லேசுப்பட்டவளா, "தெற்கே, ஹோல்புரூக் பக்கம்"னு ஒரு பொய்யை எடுத்து விட்டேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி பார்க்கணுமே. அன்றைக்கே அம்மாவின் கம்மலைக் கழற்றி பீன்ஸ் பானைக்குள் போட்டுவிட்டேன்.

மறுநாள் காபி பாதி டம்ளர்கூட இறங்கவில்லை, எலோய் "கெளம்பு கெளம்பு"ன்னு அவசரப்படுத்தி வடக்கே ஓட்டினார். கயென்டாவுக்குப் பாதி வழியில் பார்த்தால், அக்கா, எங்களுக்கு முன்னால் அந்த வேன். நாங்க பெட்ரோல் போட நின்னா அது அங்க நிக்குது, நாங்க திரும்பினா எங்களுக்கு முன்னாடியே அது திரும்புது. பின்னால் வந்து பின்தொடர்வது எவனுக்கும் வரும். முன்னால் போய்க்கொண்டே பின்தொடர்கிறார்கள் என்றால் எவ்வளவு கைதேர்ந்தவர்களாக இருக்கணும், நீயே யோசித்துப் பார். எலோயிடம் சொன்னால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பேசாம வா, எர்லி, ரோட்டைப் பாக்க விடு" என்கிறார்.

இன்று பொறுமை போய்விட்டது. முகாம் காவலர் ஷெரிலின் சோசி என்ற பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். நிதானமாகக் கேட்டாள். "உங்க டிரக் பச்சை நிறமா, அம்மா?" என்று கேட்டு எங்கள் நம்பரையும் எழுதிக்கொண்டாள், சாட்சிக்காக இருக்கும். சாயங்காலத்துக்குள் அவர்களைப் பிடித்துவிடுவாள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். கோயிலுக்குப் போனால் மாதா முன்னால் எங்கள் பேரில் ஒரு மெழுகுவத்தி ஏற்று, பெரியதாகவே ஏற்று.

இப்படிக்கு,
பிரியமுள்ள தங்கை,
எர்லிண்டா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஷெரிலின் வந்தாள், கூடவே அந்த நீல வேன்காரர்கள். "அம்மா, ஒரு பச்சை டிரக் நாலு நாளா தங்களை விடாம துரத்துதுன்னு இவங்க நேத்தே புகார் குடுத்திருக்காங்க. ஏன் இவங்க பின்னாலயே வர்றீங்க?" என்றாள். நான் எலோயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "அந்த ஆரஞ்சுச் சூரியன் மட்டுந்தான் எனக்குத் தெளிவாத் தெரியுது, எர்லி. அதைப் பாத்துத்தான் ஓட்டிட்டு வந்தேன். ரோட்டுப் பலகையில எழுத்து ஒண்ணும் தெரியல. கண்ணு மங்கி ஏழு மாசமாச்சு. சொன்னா பயணமே வேண்டாம்னுடுவே. கல்யாணமானதுலேர்ந்து தள்ளிப்போட்டுட்டே வந்தது" என்றார். திட்டணும்னுதான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. தொப்பிக்காரி காபி போட்டுத் தந்தாள். ஊருக்குப் போனதும் முதல் வேலை கண் டாக்டர்.

நாளையிலிருந்து வண்டி நான்தான் ஓட்டுகிறேன். என் லைசென்ஸ் போன வருஷமே காலாவதி ஆகிவிட்டது. அவரிடம் சொல்லிவிடாதே, பயணம் வேண்டாம் என்பார்.