ஆயிரத்து எண்ணூறு மைலும் ஆறு மைலும்

உலக விமானப் போக்குவரத்து வரலாற்றில் ஒரகடத்துக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். சிங்கப்பூரிலிருந்து மதராஸுக்கு விமானம் எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதை 1976-லேயே கூட்டம் போட்டு, வடை தின்று, தீர்மானமாக நிறைவேற்றியவர்கள் நாங்கள். நாங்கள் என்றால் ஒரகடம் வட்டாரப் போக்குவரத்து முன்னேற்றக் குழு. அடியேன் செயலாளர்.

கூட்டத்துக்குக் காரணம் சூசையம்மாள். அவர் மகள் லூர்து மேரிக்கு ஐப்பசியில் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண். கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப்போக, சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் கிறிஸ்துதாஸ்தான் வர வேண்டும். கல்யாணத்தன்று காலை விமானத்தில்தான் அவனுக்கு இடம் கிடைத்தது. பத்தரை மணிப் பூசைக்கு வந்துவிடுவானா என்று எங்களிடம் கேட்டார்.

தலைவர் தணிகாசலம் உலகப் படத்தை விரித்து அடிக்கோலை வைத்தார். தூரம் ஆயிரத்து எண்ணூறு மைல். பயணம் நாலு மணி நேரம். அதோடு, சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுவதையும் கண்டுபிடித்தோம். அங்கே ஆறு மணிக்குக் கிளம்பினால் இங்கே எட்டு மணிக்கே இறங்கிவிடலாம். இந்த இரண்டு மணி நேர 'மிச்சத்தை' குழுவின் சாதனையாகக் குறிப்பேட்டில் எழுதினேன்.

"படப்பைலேந்து இங்க வர எவ்ளோ நேரம்னு கணக்கு போட்டீங்களா தலைவரே?" என்றார் சூசையம்மாள்.

"அது உள்ளூர் விஷயம்மா. மேலேந்து உத்தரவு வரணும்."

படப்பைக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஓடை. மழை பெய்தால் மதராஸ் பஸ் படப்பையோடு நின்றுவிடும். பாலம் கேட்டு சூசையம்மாள் பதினோரு வருடம் முன்பு கொடுத்த மனு எங்கள் பீரோவில் பத்திரமாகவே இருந்தது.

கல்யாணத்தன்று நல்ல மழை. விமானம் எட்டு மணிக்கே வந்துவிட்டது. எங்கள் கணக்கு நிமிஷம் பிசகவில்லை. கிறிஸ்துதாஸ்தான் பிசகினான். பஸ் படப்பையில் இறக்கிவிட, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆறு மைல் சேற்றில் நடந்தான். சாமியாருக்கு வாலாஜாபாத்தில் இன்னொரு கல்யாணம். பதினோரு மணி வரை பொறுத்துப் பார்த்தார். கடைசியில் சூசையம்மாளே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். வாசல் வரைக்கும் ரோட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நானும் ரோட்டுப் பக்கம் இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். ஆனால் செயலாளர் உணர்ச்சிவசப்படலாகாது.

மூன்று மணிக்கு அண்ணன் வந்தான். அவனுடைய நனைந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு லூர்து மேரி அழுதாள். தலைவர் அவன் கையைக் குலுக்கி, விமானம் சரியாக நாலு மணி நேரம்தானே என்று கேட்டார். அவன் தலையாட்டினான். கரவொலியோடு குறித்துக்கொண்டோம்.

சூசையம்மாள் மகனுக்கு இலை போட்டபடியே சொன்னார்: "தாஸு, நீ திரும்பிப் போனதும் அங்கேந்து ஒரு மனு போடுப்பா. நான் குடுத்தது பதினோரு வருஷமா ஓடையத் தாண்டல. அங்கேந்துன்னா நாலு மணி நேரமாமே."

அடுத்த மாதமே மனு வந்தது. ஆயிரத்து எண்ணூறு மைல் கடந்து வந்த மனு என்பதால் தலைவர் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் வாங்கினார். தபால்தலையை என் மகனுக்காகக் கிழித்துக்கொண்டு, மனுவைப் பழைய மனுவோடு சேர்த்துக் கட்டி பீரோவில் வைத்தேன்.